நல்ல கண்: யூத அறநெறியில் பார்வையும் சச்சரவும்

யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களையும் கதைகளையும் தொகுத்த பாபிலோனிய தால்முத்தில் ஷப்பாத் என்னும் பகுதியில் ஒரு கூலியாளின் கதை வருகிறது. மேல் கலிலேயாவைச் சேர்ந்த அவர் தென்பகுதியில் ஒரு நிலக்கிழாரிடம் மூன்று ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளுக்கு முதல்நாள், ஊருக்குப் போய் மனைவி மக்களுக்குச் சோறு போட வேண்டும், கூலியைக் கொடுங்கள் என்று கேட்டார். பணம் இல்லை என்றார் முதலாளி. அப்படியானால் விளைச்சலாகக் கொடுங்கள் என்றார், அதுவும் இல்லை. நிலமாக, ஆடுமாடாக, கடைசியில் தலையணை படுக்கையாகவாவது கொடுங்கள் என்று கேட்டபோதும் இல்லை என்ற ஒரே பதில்தான் வந்தது. கூலியாள் தன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மனம் நொந்து வீடு திரும்பினார். பண்டிகை முடிந்ததும் அந்த முதலாளியே கூலிப் பணத்தோடும், உணவும் பானமும் தின்பண்டமும் ஏற்றிய மூன்று கழுதைகளோடும் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

உண்டு முடித்த பிறகு முதலாளி கேட்ட கேள்விகளுக்காகவே இந்தக் கதை சொல்லப்படுகிறது. பணம் இல்லை என்று நான் சொன்னபோது என்னைப் பற்றி என்ன நினைத்தாய் என்று அவர் கேட்டார். மலிவாக ஏதோ சரக்கு கிடைத்து அதில் பணத்தைப் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார் கூலியாள். ஆடுமாடுகளை வாடகைக்கு விட்டிருப்பீர்கள், நிலம் குத்தகைக்குப் போயிருக்கும், விளைச்சலில் தசமபாகம் என்னும் பத்திலொரு பங்கு இன்னும் பிரிக்கப்படாமல் இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். தலையணையும் படுக்கையும்கூட இல்லையென்றால், சொத்து முழுவதையும் கடவுளுக்கு நேர்ந்திருப்பீர்கள் என்று எண்ணினேன் என்று முடித்தார். உண்மையிலேயே அப்படித்தான் நடந்திருந்தது. மகன் யூத மறைநூலான தோராவைக் கற்க முன்வராத வருத்தத்தில் எல்லாவற்றையும் நேர்ந்துவிட்டதாகவும், பின்னர் அறிஞர்கள் அந்த நேர்த்தியிலிருந்து தன்னை விடுவித்ததாகவும் முதலாளி சொன்னார். நீ என்னை நல்லவிதமாக நியாயந்தீர்த்தது போலவே கடவுளும் உன்னை நல்லவிதமாக நியாயந்தீர்க்கட்டும் என்று வாழ்த்தினார்.

முதல் வாசிப்பில் இந்தக் கூலியாள் ஓர் ஏமாளியாகத் தோன்றலாம். ஆனால் அவர் தன் கூலியைக் கேட்காமல் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து வடிவங்களில் ஐந்து முறை கேட்டார். உரிமையைக் கோருவதும், கோரிக்கை நிறைவேறாதபோது எதிரிலிருப்பவர் அயோக்கியர் என்ற முடிவுக்கு வருவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதை அவர் செய்தார், இரண்டாவதைச் செய்யவில்லை. கண்முன் இருந்த செய்தி ஒன்றுதான்: செல்வர் ஒருவர் கையில் எதுவும் இல்லை என்கிறார். அந்தச் செய்தியிலிருந்து ஒருவர் வஞ்சகத்தையும் இன்னொருவர் நெருக்கடியையும் படித்தெடுக்க முடியும். எதைப் படித்தெடுக்கிறார் என்பது பார்ப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது என்பதும், அந்த உள்ளத்துக்கு அவரே பொறுப்பாளி என்பதும் யூத அறநெறியின் அடிப்படையான எண்ணங்களுள் சேரும். இக்கட்டுரை அந்த எண்ணத்தைத்தான் அறிமுகம் செய்கிறது.

பிறரை நல்லவிதமாக எடைபோடுவதை யூத மரபு பெருந்தன்மை என்ற கணக்கில் மட்டும் வைப்பதில்லை, கடமையாகவே வைக்கிறது. தோராவின் ஒரு நூலான லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் வரும் “நீதியாகப் பிறனுக்கு நியாயந்தீர்ப்பாயாக” என்ற கட்டளை மேலோட்டமாக நீதிபதிகளுக்குச் சொல்லப்பட்டதாகத் தோன்றும். தால்முத் அறிஞர்கள் அதை நீதிமன்றத்துக்கு வெளியிலும் நீட்டி, அன்றாடம் பிறரைப் பற்றி நம் மனத்துக்குள் எழுதும் தீர்ப்புகளுக்கும் அது பொருந்தும் என்று விளக்கினர். இயேசுவின் காலத்துக்கு முந்தைய அறிஞரான யெகோசுவா பென் பெரஹ்யா, உனக்கு ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள், ஒரு நண்பனைச் சம்பாதித்துக்கொள், எல்லா மனிதரையும் தராசின் நல்ல தட்டில் வைத்து நியாயந்தீர் என்றார். இந்த வாக்கு ‘பிர்க்கே ஆவோத்’ என்ற சிறிய தொகுப்பில் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூலின் ஒரு பகுதி அது. சட்டங்கள் நிறைந்த அந்நூலில் ஏறக்குறைய முழுவதும் அறிவுரைகளாலேயே ஆன பகுதி அது ஒன்றுதான். பாஸ்கா பண்டிகைக்குப் பின்வரும் ஓய்வுநாள்களில் இன்றும் யூதர்கள் அதை வாரம் ஓர் அதிகாரமாக வாசிக்கிறார்கள்.

அதே தொகுப்பில் ஹில்லேல் என்ற பேரறிஞர், பிறனுடைய இடத்தில் நீ வந்து நிற்கும்வரை அவனுக்குத் தீர்ப்புச் சொல்லாதே என்கிறார். நம் அனுபவத்தில் இல்லாத நெருக்கடிகள் பிறருக்கு இருக்கக்கூடும் என்பது இதன் எளிய பொருள். இன்னும் கூர்ந்து பார்த்தால், ஒருவருடைய இடத்துக்கு முழுமையாக வந்து நிற்பது யாராலும் இயலாது என்பதால், கடைசித் தீர்ப்பை நாம் எப்போதுமே ஒத்திவைக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் திருடனையும் நல்லவன் என்று நம்ப வேண்டுமா? கி.பி. 1204இல் மறைந்த மைமோனிடிஸ், மருத்துவராகவும் தத்துவ அறிஞராகவும் சட்ட வல்லுநராகவும் விளங்கியவர், இதற்குத் தெளிவான விடையளித்தார். நமக்கு அறிமுகமில்லாத ஒருவரின் செயலை நல்லதாகவும் தீயதாகவும் கொள்ள இடமிருந்தால் நல்லதாகக் கொள்ள வேண்டும். நேர்மைக்குப் பெயர்பெற்றவரின் செயல் வெளித்தோற்றத்தில் தவறாகப் பட்டாலும், நல்ல விளக்கத்துக்கு மிகக் குறுகிய வழி இருந்தால்கூட அந்த வழியைத் தேட வேண்டும். தீயவர் என்று நன்றாகத் தெரிந்தவரிடமோ, அவருடைய செயல் நல்லதுபோலத் தெரிந்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆக, நல்லெண்ணம் என்பது அறிந்ததை மறப்பதாகாது. அறியாத இடத்தை இருட்டால் நிரப்பாமல் இருப்பதுதான் அது.

இதற்குப் பொருத்தமாக ஒரு குறும்பான கதையும் மரபில் உண்டு. ரபி (யூத மத ஆசிரியர்) யெகோசுவா ஒரு வழிப்போக்கரை வீட்டுக்கு அழைத்து, உண்ணவும் குடிக்கவும் கொடுத்து, உறங்குவதற்கு மாடிப் பரணில் இடமும் கொடுத்தார். பிறகு கீழே வந்து ஏணியை எடுத்துவிட்டார். நள்ளிரவில் விருந்தாளி பரணிலிருந்த பொருள்களைத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்து, கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார். ‘மதித்து நட, ஆனாலும் ஐயமும் கொள்’ என்று இந்த மனப்பான்மையைச் சுருக்கிச் சொல்வார்கள். விருந்தோம்பலில் குறை வைக்காமலும், அதே வேளையில் பொருளைக் காத்துக்கொண்டும் இருக்க முடியும் என்பதை ரபி அந்த ஓர் ஏணியால் காட்டிவிட்டார். முன்னெச்சரிக்கை பகையாக மாற வேண்டியதில்லை.

பார்வை ஏன் அறத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது என்பதை விளக்கும் இன்னோர் உரையாடல் ரபான் யோகனான் பென் சக்காயின் பள்ளியில் நடந்தது. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தபோது, யாவ்னே என்ற ஊரில் கல்வியை மீண்டும் நிலைநிறுத்தியவர் அவர். தம் ஐந்து மாணவர்களிடம், மனிதன் பற்றிக்கொள்ள வேண்டிய நல்ல வழி எது என்று பார்த்து வாருங்கள் என்றார். எலியேசர் நல்ல கண் என்றார். யெகோசுவா நல்ல தோழன் என்றார், யோசே நல்ல அயலான் என்றார், சிமியோன் விளைவை முன்கூட்டிக் காண்பவன் என்றார், எலயாசர் நல்ல இதயம் என்றார். எலயாசரின் சொல்லையே ஏற்கிறேன், ஏனெனில் உங்கள் எல்லாருடைய சொற்களும் அவருடைய சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன என்று ஆசிரியர் தீர்ப்பளித்தார். விலக வேண்டிய வழியைப் பற்றிக் கேட்டபோதும் விடைகள் இதே வரிசையில் வந்தன; சிமியோன் மட்டும், கடன் வாங்கித் திருப்பித் தராதவன் என்று எதிர்பாராத பதில் சொன்னார். திருப்பித் தர வேண்டிய நாள் வரும் என்பதைக் காணாமல் கைநீட்டுபவன் விளைவைப் பார்க்கத் தவறியவன்தானே.

இங்கே ‘கண்’ என்பது நம்மூர்க் கண்ணேறு பற்றிய பேச்சன்று. பிறருக்கு நன்மை வாய்க்கும்போது மனம் மகிழ்கிறதா, சுருங்குகிறதா என்பதே நல்ல கண்ணையும் தீய கண்ணையும் பிரிக்கும் கோடு. ஆபிரகாமின் சீடர்களிடம் நல்ல கண்ணும் பணிவான ஆவியும் அடக்கமான ஆசையும் இருக்கும் என்றும், இஸ்ரவேலரைச் சபிக்க வந்த பிலேயாமின் சீடர்களிடம் தீய கண்ணும் இறுமாப்பும் பேராசையும் இருக்கும் என்றும் பிர்க்கே ஆவோத் சொல்கிறது. தானம் செய்பவர்களை வகைப்படுத்தும் இடத்தில் இது இன்னும் நுட்பமாகிறது. தான் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் கொடுக்கக் கூடாது என்று விரும்புபவர் பிறர்மீது தீய கண் உடையவர் என்கிறது அந்தத் தொகுப்பு. அவர் கொடுக்கத்தான் செய்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் வள்ளல். ஆனால் அந்தப் புண்ணியத்தில் பிறருக்குப் பங்கு வந்துவிடுமோ என்ற கணக்கு உள்ளே ஓடுகிறது. பொதுப்பணிகளில் மூளும் பல சச்சரவுகளுக்கு இந்தக் கணக்கே காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பார்வைக்கும் அறத்தேர்வுக்கும் உள்ள உறவை இருபதாம் நூற்றாண்டில் மிக ஆழமாகச் சிந்தித்தவர்களுள் ரபி எலியாஹு டெஸ்லர் ஒருவர். 1892இல் ரஷ்யப் பேரரசின் ஹோமெல் நகரில் பிறந்து, லிதுவேனியாவின் கெல்ம் பள்ளியில் பயின்று, பல ஆண்டுகள் இங்கிலாந்தில் கற்பித்து, கடைசி ஆண்டுகளை இஸ்ரேலின் பினே பிராக் நகரில் கழித்து 1953இல் மறைந்தார். மனிதன் எல்லாக் கணங்களிலும் எல்லாவற்றையும் சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது அவர் கருத்து. ஒவ்வொருவருக்கும் ஒரு தேர்வுப் புள்ளி உண்டு. அவர் உண்மை என்று காண்பதும், அவருடைய ஆசை உண்மைபோலக் காட்டுவதும் மோதிக்கொள்ளும் இடம் அது. போரிடும் இரு நாடுகளுக்கிடையே உள்ள போர்முனையோடு டெஸ்லர் அதை ஒப்பிட்டார். நாடு முழுவதும் நாட்டுக்குச் சொந்தமானதே என்றாலும், சண்டை நடப்பது எல்லையில் மட்டும்தான்; எல்லைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் அன்றைக்குப் போராட்டம் எதுவும் இல்லை.

நேர்மையான குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்குக் கடையில் பொருளைத் திருடலாமா என்ற கேள்வியே எழுவதில்லை. அது அவருக்கு எல்லைக்குள் பாதுகாப்பாக இருக்கும் நிலம். திருடாமல் இருந்ததற்காக அவரைப் பாராட்டவும் பெரிதாக ஒன்றுமில்லை. திருடர்களிடையே வளர்ந்த ஒருவருக்கோ திருட்டு ஒரு பிழைப்பு. திருடுவதா வேண்டாமா என்று அவர் மனம் போராடுவதே இல்லை. பிடிபடும் நேரத்தில் தப்புவதற்காக ஒருவரைக் கொல்லலாமா என்ற இடத்தில்தான் அவருடைய போர்முனை இருக்கக்கூடும். அங்கே அவர் கொல்லாமல் கையை மடக்கிக்கொண்டால், அது முதலாமவர் அன்று செய்த எந்த நற்செயலையும்விடப் பெரிய வெற்றியாக இருக்கலாம். வளர்ப்பும் சூழலும் புள்ளியை எங்கே வைக்கின்றன என்பது நம் கையில் இல்லை. அந்தப் புள்ளியில் நின்று என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு நல்ல தேர்வும் எல்லையைச் சற்று முன்னே தள்ளுகிறது, ஒவ்வொரு தோல்வியும் பின்னே இழுக்கிறது.

இந்தக் கருத்து ஹில்லேலின் எச்சரிக்கைக்கு ஓர் அடித்தளம் தருகிறது. ஒருவருடைய செயலைப் பார்க்கலாம், அதற்குச் சட்டப்படி விளைவுகளும் இருக்கலாம். ஆனால் அவருடைய போர்முனை எங்கே இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை. அதனால் செயலைத் தவறு என்று சொல்லிக்கொண்டே, செய்தவரின் தகுதியைப் பற்றித் தீர்ப்பு எழுதாமல் இருப்பது முரண்பாடாகாது. டெஸ்லரின் கருத்தை எல்லாத் தவறுகளுக்கும் மன்னிப்புச்சீட்டாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அது சரியான வாசிப்பு என்று நான் நினைக்கவில்லை, ஏனெனில் அவர் புள்ளியைப் பற்றிப் பேசியதெல்லாம் வாசிப்பவர் தன் சொந்தப் போர்முனையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

டெஸ்லரின் இன்னொரு பாகுபாடும் சச்சரவுக்கு நேரடியாகத் தொடர்புடையது. மனிதனுக்குள் கொடுக்கும் ஆற்றலும் எடுக்கும் ஆற்றலும் இருக்கின்றன, ஒவ்வொருவரும் அடிப்படையில் இவற்றுள் ஒன்றை நோக்கிச் சாய்கிறார் என்றார். நாம் நேசிப்பவர்களுக்குக் கொடுக்கிறோம் என்பது பொதுவான எண்ணம். கொடுப்பதாலேயே நேசம் பிறக்கிறது என்று அவர் அதைத் திருப்பிப் போட்டார். திருமணத்தின்போது மணமக்களிடம், இன்று ஒருவரையொருவர் மகிழ்விக்கத் துடிக்கும் இந்த விருப்பத்தைக் காத்துக்கொள்ளுங்கள், ஒருவரிடம் ஒருவர் கேட்டுப்பெறத் தொடங்கும் கணத்தில் உங்கள் மகிழ்ச்சி கையைவிட்டுப் போயிருக்கும் என்று அறிவுறுத்துவது அவர் வழக்கம்.

பார்வை பிறவிக்குணம் என்றால் இவ்வளவு அறிவுரையும் வீண். மைமோனிடிஸ் அதைப் பழக்கமாகவே கண்டார். ஒரே ஒருவருக்கு ஆயிரம் பொற்காசுகளை ஒருமுறை கொடுப்பவரிடம் தாராளக் குணம் உருவாவதில்லை. ஆயிரம் முறை, முறைக்கு ஒரு காசாகக் கொடுப்பவரிடம் அது உருவாகிறது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் அவர் தன் மனத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. நல்ல கண்ணுக்கும் இதே விதிதான். 19ஆம் நூற்றாண்டு லிதுவேனியாவில் ரபி இஸ்ரவேல் சலாந்தர் தொடங்கிய மூசார் இயக்கம் குணங்களைப் பயிற்சியால் திருத்துவதையே தன் பணியாக எடுத்துக்கொண்டது. டெஸ்லர் பயின்ற கெல்ம் பள்ளி அந்த இயக்கத்தைச் சேர்ந்தது.

இதுவரை சொன்னவை சச்சரவு எழுவதற்கு முந்தைய நிலையைப் பற்றியவை. உண்மையிலேயே ஒருவர் நமக்குத் தவறிழைத்துவிட்டால் என்ன செய்வது? லேவியராகமத்தின் அதே அதிகாரம் பழிவாங்காதே, மனத்தில் கறுவிக்கொண்டிராதே என்று இரண்டு தடைகளை விதிக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தால்முத் வீட்டுப் பொருள்களைக் கொண்டு விளக்குகிறது. உன் அரிவாளைக் கொஞ்சம் கொடு என்று ஒருவர் கேட்க, மற்றவர் தர மறுக்கிறார். மறுநாள் மறுத்தவர் வந்து கோடரி கேட்கும்போது, நீ எனக்குத் தராததுபோல் நானும் உனக்குத் தரமாட்டேன் என்றால் அது பழிவாங்குதல். அவர் ஓர் ஆடையைக் கேட்டு வரும்போது, இந்தா எடுத்துக்கொள், நான் உன்னைப்போல் இல்லை என்று சொல்லிக் கொடுத்தால் அது கறுவுதல். இரண்டாமவர் பொருளைக் கொடுத்துவிட்டார், ஆனாலும் கட்டளையை மீறினவராகிறார். கையில் குறையில்லாதபோதும் பார்வையில் குறை இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதற்காக வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போ என்றும் மரபு சொல்வதில்லை; இந்த இடத்தில்தான் தொடக்க வாசகர் பலர் வழுக்கி விழுகிறார்கள். உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாதே என்ற கட்டளையை ஒட்டியே, அவனைக் கடிந்துகொள் என்ற கட்டளையும் வருகிறது. தவறிழைக்கப்பட்டவர் வாய்பேசாமல் வெறுத்துக்கொண்டிருக்கக் கூடாது, ஏன் எனக்கு இப்படிச் செய்தாய் என்று நேரே கேட்க வேண்டும் என்று மைமோனிடிஸ் சட்டமாகவே எழுதினார். அதற்கு அவர் காட்டும் எதிர்மறை எடுத்துக்காட்டு தாவீதின் மகன் அப்சலோம்: அம்னோனோடு நன்மையையோ தீமையையோ பேசாமல் இருந்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவனைக் கொல்வித்தவன். கேட்பதையும் தனிமையில், மென்மையான சொற்களில், அவருடைய நன்மைக்காகவே பேசுகிறோம் என்று புரியும்படி கேட்க வேண்டும். எதையும் சொல்லாமல் உள்ளத்தாலேயே மன்னித்துவிடக்கூடியவர் அப்படிச் செய்யலாம், அது பக்தியின் உயர்ந்த நிலை என்றும் அவர் சேர்க்கிறார். மன்னிக்கவும் முடியாமல் கேட்கவும் துணியாமல் மௌனமாக இருப்பதற்கு மட்டும் அவர் இடம் தரவில்லை.

தவறிழைத்தவரிடம் சொல்வதற்குப் பதிலாக ஊரிடம் சொல்வது இன்னும் எளிது. அதை யூத சட்டம் ‘லஷோன் ஹரா’, அதாவது தீய நாவு, என்று தனியே தடைசெய்கிறது. சொல்லப்படும் செய்தி உண்மையாக இருந்தாலும் தடை பொருந்தும். இன்றைய பெலாரசில் உள்ள ராடின் என்ற சிற்றூரில் வாழ்ந்து 1933இல் மறைந்த ரபி இஸ்ரவேல் மேயிர் ககான் இச்சட்டங்களைத் தொகுத்து 1873இல் ஒரு நூலாக வெளியிட்டார்; அந்நூலின் பெயரான ஹாஃபெத்ஸ் ஹாயிம் என்பதே அவருக்கும் பெயராகிவிட்டது. திருமணம் செய்யப்போகிறவரையோ கூட்டுத்தொழிலில் இறங்கப்போகிறவரையோ ஏமாற்றத்திலிருந்து காப்பதற்காக உண்மையைச் சொல்ல வேண்டிய நேரங்கள் உண்டு என்பதையும் அவர் ஏற்று, அதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார். செய்தியைத் தானே உறுதிசெய்திருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, நோக்கம் நன்மையாகவே இருக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. பகையுள்ள ஒருவரைப் பற்றி இந்த நிபந்தனைகளோடு வாய் திறப்பது எவ்வளவு கடினம் என்பதை முயன்று பார்த்தவர் அறிவார்.

பகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தால்முத் சொல்லும் கதை கம்சா, பார் கம்சா என்ற இருவரைப் பற்றியது. எருசலேமில் ஒருவருக்குக் கம்சா நண்பன், பார் கம்சா பகைவன். விருந்துக்குக் கம்சாவை அழைத்துவர அனுப்பிய பணியாள் தவறுதலாகப் பார் கம்சாவை அழைத்துவந்துவிட்டான். விருந்தளித்தவர் அவரைக் கண்டதும் வெளியேறச் சொன்னார். வந்தது வந்துவிட்டேன், அவமானப்படுத்தாதீர்கள், நான் உண்பதற்கு விலை தருகிறேன் என்று பார் கம்சா கெஞ்சினார். பிறகு விருந்தின் பாதிச் செலவையும், கடைசியில் முழுச் செலவையும் தருவதாகச் சொன்னார். மூன்று முறையும் மறுத்து, கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார் அவர். அறிஞர்கள் அங்கே அமர்ந்து பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், அப்படியானால் அவர்களுக்கும் இது சம்மதம்தான் என்று எண்ணிய பார் கம்சா ரோமரிடம் சென்று யூதர்கள் கலகம் செய்கிறார்கள் என்று கோள் சொன்னார். அதிலிருந்து தொடங்கிய நிகழ்வுகள் ஆலயத்தின் அழிவில் போய் முடிந்தன என்கிறது கதை.

ரோமரோடு நடந்த போருக்கு வரியும் ஆட்சியாளரின் கொடுமையும் உட்பூசலும் என வரலாற்றுக் காரணங்கள் பல உண்டு. ஆனால் மரபு தன்னை நோக்கிக் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. இரண்டாம் ஆலயக் காலத்தில் மக்கள் தோராவைக் கற்றார்கள், கட்டளைகளைக் காத்தார்கள், தானம் செய்தார்கள். பிறகு ஏன் ஆலயம் அழிந்தது? காரணமற்ற பகையால் என்பதே தால்முத்தின் விடை. தோல்வியடைந்த ஒரு சமூகம் வென்றவர்களின் கொடுமையைப் பற்றிப் பேசுவதற்கு எல்லா உரிமையும் இருந்தும், ஒரு விருந்து மேசையில் நடந்த அவமானத்தையும் அதைப் பார்த்துப் பேசாதிருந்த தன் அறிஞர்களையும் இப்படிக் குறித்துவைத்திருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

இதற்கு நேரெதிராக நிற்பவர் மோசேயின் அண்ணன் ஆரோன். ஆரோனின் சீடர்களாக இருங்கள், சமாதானத்தை நேசித்து அதைத் தேடிப் பின்தொடருங்கள் என்றார் ஹில்லேல். இருவர் சண்டையிட்டுக்கொண்டால் ஆரோன் முதலில் ஒருவரிடம் போய் அமர்ந்து, உன் நண்பன் நெஞ்சிலடித்துக்கொண்டு அழுகிறான், உனக்குத் தவறிழைத்தவன் நானே, எப்படி அவன் முகத்தில் விழிப்பேன் என்று புலம்புகிறான் என்பாராம். அவர் மனத்திலிருந்து பகை நீங்கும்வரை அங்கிருந்து, பின்னர் மற்றவரிடம் போய் அதையே சொல்வாராம். இருவரும் தெருவில் சந்திக்கும்போது கட்டிக்கொள்வார்கள். இது உண்மைக்கு மாறான பேச்சுதானே என்ற கேள்வி அறிஞர்களுக்கும் எழுந்தது. சமாதானத்துக்காகச் சொல்லை மாற்றிச் சொல்லலாம் என்று தால்முத் அனுமதிக்கிறது. ஆதியாகமத்தில் சாராள் தன் கணவர் முதிர்ந்தவர் என்று சிரித்துச் சொன்னதை, ஆபிரகாமிடம் கடவுளே அவள் தன்னைக் கிழவி என்று சொன்னதாக மாற்றிச் சொன்னார் என்று அதற்குச் சான்றும் காட்டுகிறது. ஆரோன் மாற்றியது இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையை. அந்தப் பார்வை மாறிய பின் வழக்கே மிஞ்சுவதில்லை.

ஆனால் மோசே வேறு வகை. சட்டம் மலையைத் துளைத்துக்கொண்டு போகட்டும் என்பது அவருடைய கொள்கையாகச் சொல்லப்படுகிறது. நீதிமன்றத்தில் சமரசம் செய்துவைக்கலாமா என்ற விவாதத்தில் ஒரு சாரார் மோசேயை முன்னிறுத்திக் கூடாது என்றனர். யெகோசுவா பென் கோர்ஹா, கடும் நீதி இருக்கும் இடத்தில் சமாதானம் இல்லை, சமாதானம் இருக்கும் இடத்தில் கடும் நீதி இல்லை, இரண்டும் கூடியிருப்பது சமரசத்தில்தான் என்று வாதிட்டார். அவருடைய கருத்தே நிலைத்தது. 1565இல் முதலில் அச்சான யோசேப் கரோவின் சட்டத்தொகுப்பின்படி, நீதிபதி தொடக்கத்திலேயே வழக்காடுவோரிடம் சட்டப்படி தீர்ப்பு வேண்டுமா, சமரசம் வேண்டுமா என்று கேட்பது நல்லது. மோசேயின் தரப்பும் முற்றிலும் தோற்றுவிடவில்லை: வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீதிபதிக்குத் தெரிந்துவிட்ட பிறகு, உரிமையுள்ளவரிடம் போய்ச் சமரசத்துக்கு வா என்று சொல்லக் கூடாது.

சட்டத்துக்கு அப்பாலும் செல்ல வேண்டிய இடங்கள் உண்டு என்பதற்குச் சுமைதூக்குவோரின் வழக்கு புகழ்பெற்றது. ராபா பார் பார் ஹனானின் திராட்சமதுச் சாடியைக் கூலியாள்கள் உடைத்துவிட, அவர் ஈடாக அவர்களுடைய மேலாடைகளைப் பறித்துக்கொண்டார். ராவ் என்ற அறிஞர் ஆடைகளைத் திருப்பிக் கொடு என்றார். இதுதான் சட்டமா என்று கேட்டதற்கு, ஆம், ‘நல்லவர்களின் வழியில் நட’ என்று எழுதியிருக்கிறதே என்றார். நாங்கள் ஏழைகள், நாள் முழுவதும் உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்று கூலியாள்கள் முறையிட்டபோது, கூலியையும் கொடு என்றார். இதுவும் சட்டமா? ஆம், ‘நீதிமான்களின் பாதைகளைக் காத்துக்கொள்’ என்று அதே வசனம் தொடர்கிறது. ராபாவின் கண்ணுக்கு உடைந்த சாடி தெரிந்தது. ராவின் கண்ணுக்குப் பசித்த மனிதர்கள் தெரிந்தார்கள்.

இவ்வளவு சமாதானப் பேச்சுக்கு நடுவில், யூத மரபு வாதம் செய்வதில் பேர்போனது என்பதையும் மறக்கக் கூடாது. தால்முத்தின் ஒவ்வொரு பக்கமும் கருத்து மோதல்தான். ஆகவே தவிர்க்க வேண்டியது எந்த வகைச் சச்சரவு என்று பிரித்துப் பார்க்கிறார்கள். விண்ணுலகின் பொருட்டு நடக்கும் விவாதத்துக்கு ஹில்லேலும் ஷம்மாயும் எடுத்துக்காட்டு. அப்படி அல்லாததற்குக் கோராகும் அவன் கூட்டத்தாரும் எடுத்துக்காட்டு. கோராகு மோசேக்கு எதிராகப் பேசிய சொற்கள் கொள்கை முழக்கம்போல ஒலித்தாலும், அவன் கண் பதவியில் இருந்தது என்பது மரபின் வாசிப்பு.

ஹில்லேலின் பள்ளியும் ஷம்மாயின் பள்ளியும் மூன்று ஆண்டுகள் வாதிட்டபின், இரண்டும் வாழும் கடவுளின் வார்த்தைகளே, ஆனால் சட்டம் ஹில்லேலின் பள்ளியைப் பின்பற்றுகிறது என்று விண்ணிலிருந்து ஒரு குரல் ஒலித்ததாம். இரண்டும் கடவுளின் வார்த்தைகள் என்றால் ஒன்றை மட்டும் ஏன் பின்பற்ற வேண்டும்? ஹில்லேலின் பள்ளியினர் இனியவர்கள், அவமதிப்பைப் பொறுத்தவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தையும் சேர்த்துக் கற்பித்தார்கள், அதையும் தம் கருத்துக்கு முன்பாகவே சொன்னார்கள் என்கிறது தால்முத். வாதத்தில் வென்றதற்கு அறிவுக்கூர்மை காரணமாகச் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். திருமண விதிகளில் ஒரு பள்ளி தடுத்ததை மற்றது அனுமதித்த நிலையிலும், அவ்விரு பள்ளியினரும் ஒருவர் குடும்பத்தில் ஒருவர் பெண் எடுப்பதை நிறுத்தவில்லை என்று மிஷ்னா பதிவுசெய்கிறது.

சச்சரவு முற்றிவிட்ட பின்னும் ஒரு வழிமுறை இருக்கிறது. யோம் கிப்பூர் கடவுளுக்கு எதிரான பாவங்களுக்கு நிவிர்த்தி தருகிறது. சக மனிதனுக்கு இழைத்த தவறுக்கு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் நிவிர்த்தி தருவதில்லை என்று மிஷ்னா கூறுகிறது. பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். மன்னிக்காவிட்டால், மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு மீண்டும் போக வேண்டும் என்றும், இப்படி மூன்று முறை போயும் மனம் இளகாதவரை விட்டுவிடலாம், அப்போது பாவம் மன்னிக்க மறுப்பவருடையது என்றும் மைமோனிடிஸ் எழுதுகிறார். கேட்டவுடன் மனமுவந்து மன்னிக்க வேண்டும், கொடூரமாக இருக்கக் கூடாது என்பது தவறிழைக்கப்பட்டவருக்கும் கட்டளை. மூன்று முறை என்ற எல்லைக்கு அவர் ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறார்: மன்னிக்க வேண்டியவர் தன் ஆசிரியராக இருந்தால், ஆயிரம் முறையானாலும் போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.